துயரம் கோல் அடிப்பதில்லை: போர் தின்ற நாடுகளின் அணிகள் விலகல் போட்டிகளில் வெல்வது எப்படி?

2007ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி. கோலாலம்பூர், புக்கிட் ஜலீல் மைதானம். ஆசியக் கிண்ண உதைபந்தாட்டத்தின் அரையிறுதி. ஒரு பக்கம் தென் கொரியா. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் உலகக் கிண்ணத்தின் அரையிறுதி வரை போன அணி. மறுபக்கம் ஈராக். சொந்த மண்ணில் ஒரு சர்வதேசப் போட்டியை நடத்தக்கூட முடியாத நிலையில் இருந்த அணி. 90 நிமிடங்கள் முடிந்தன, கோல் இல்லை. மேலதிக நேரம் 30 நிமிடங்களும் முடிந்தன, அப்போதும் கோல் இல்லை. பெனால்டி உதைகளில் ஈராக் 4-3 என்று வென்றது. ஒரு உதையை கோல் காப்பாளர் நூர் சப்ரி தடுத்தார். இன்னொரு கொரிய உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

பக்தாத்தில் சனம் வீதிக்கு இறங்கியது. கொண்டாடிக்கொண்டிருந்த அந்தக் கூட்டங்களுக்குள் இரண்டு கார்க் குண்டுகள் வெடித்தன. ஏறக்குறைய 50 பேர் கொல்லப்பட்டார்கள்.

நான்கு நாட்களின் பின்னர், ஜூலை 29ஆம் திகதி, ஜகார்த்தாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஈராக் சவூதி அரேபியாவை 1-0 என்று வென்றது. ஆசியாவின் கிண்ணம் முதல் தடவையாக ஈராக்கின் கைக்குப் போனது.

இந்தக் கதையை உலக ஊடகங்கள் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே மாதிரித்தான் சொல்கின்றன. போரால் நொந்த மக்கள், அந்த வலியையே பலமாக்கி வென்றார்கள் என்பதே அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. போருக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டிகளின் விபரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அது பாதிக் கதை என்பது தெரியவரும். மறுபாதி சொல்லப்படாமல் விடப்படுவதால் பாதிக்கப்படுவதும் எங்களைப் போன்றவர்கள்தான். வலி தானாகவே பலத்தைத் தந்துவிடும் என்றால், போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மைதானமும் தேவையில்லை, பயிற்றுவிப்பாளரும் தேவையில்லை. வாழ்த்துச் செய்தி ஒன்றே போதும்.

அடுத்த தடவை ஒரு சிறிய நாட்டின் அணி விலகல் போட்டி ஒன்றில் பெரிய அணியைச் சந்திக்கும்போது அதன் வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது. அதற்கு ஈராக்கையும் பலஸ்தீனத்தையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

விலகல் போட்டியின் கணக்கு

நொக் அவுட் என்று எல்லோரும் சொல்லும் விலகல் முறைப் போட்டியில் தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அது சிறிய அணிக்குக் கொடுமையான முறை போலத் தெரியும். உண்மையில் பெரிய அணிகள்தான் அதற்கு அதிகம் அஞ்சவேண்டும்.

முதற் காரணம், உதைபந்தாட்டத்தில் கோல்கள் குறைவு. 2018 உலகக் கிண்ணத்தின் 64 போட்டிகளில் அடிக்கப்பட்ட கோல்கள் 169. 2022இல் அதே 64 போட்டிகளில் 172. அதாவது இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரு போட்டியில் மூன்று கோல்கள்கூட அடிப்பதில்லை. கிரிக்கெட்டில் ஒரு நாள் போட்டியில் ஒரு அணி 300 பந்துகளைச் சந்திக்கிறது. அத்தனை பந்துகளிலும் அதிர்ஷ்டம் தொடர்ந்து ஒரு பக்கம் நிற்காது, கடைசியில் திறமை வெளியே வந்துவிடும். உதைபந்தாட்டத்தில் 90 நிமிடங்களும் பின்வாங்கி நின்றுவிட்டு, ஒரே ஒரு கோர்னர் உதையில் வென்றுவிடலாம்.

இரண்டாவது காரணம், சமநிலையின் பெறுமதி. லீக் முறையில் பலமான அணியுடன் கோல் இல்லாமல் முடித்தால் ஒரு புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். விலகல் போட்டியில் 120 நிமிடங்கள் தாக்குப்பிடித்துவிட்டால் பெனால்டி உதைகளுக்குப் போகலாம். அந்த இடத்தில் இரண்டு அணிகளுக்கும் இடையிலான தரவேறுபாடு பெருமளவு சுருங்கிவிடுகிறது. பெனால்டி முறை 1970இல்தான் சர்வதேச விதிகளுக்குள் வந்தது. அதற்கு முன்னர் 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியா சோவியத் ஒன்றியமா என்பது நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது.

மூன்றாவது விடயம் சற்றுக் கசப்பானது. ஒரு தடவை அதிர்ச்சி கொடுப்பது வேறு, கிண்ணத்தைத் தூக்குவது வேறு. ஒரு சிறிய அணி ஒவ்வொரு விலகல் போட்டியிலும் வெல்வதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று போட்டிகளையும் வெல்லும் வாய்ப்பு 64இல் ஒன்று. அதே அணி நல்ல தயார்படுத்தலால் தன் வாய்ப்பை மூன்றில் ஒன்றாக உயர்த்திக்கொண்டால், அந்த 64இல் ஒன்று 27இல் ஒன்றாக மாறிவிடும். ஒரு போட்டியில் சிறிதாகத் தெரியும் முன்னேற்றம், மூன்று போட்டிகளில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. தயார்படுத்தல் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட எளிமையான விளக்கம் இல்லை.

இப்படி வென்ற அணிகளின் ஆட்டங்களில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிரேக்கம் காலிறுதியில் பிரான்ஸையும், அரையிறுதியில் செக் குடியரசையும், இறுதியில் போர்த்துக்கலையும் வென்றது. மூன்றும் 1-0. மூன்று கோல்களும் தலையால் முட்டி அடிக்கப்பட்டவை. 2022 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோ அரையிறுதிக்கு வரும்வரை அதன் வலைக்குள் போனது ஒரேயொரு கோல். அதுவும் சொந்த வீரரின் காலில் பட்டுப் போனது. ஸ்பெயினுடன் 120 நிமிடங்கள் கோல் இல்லாமல் நின்று பெனால்டியில் வென்றது, போர்த்துக்கலை 1-0 என்று வென்றது. கோலை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும், நின்ற பந்தை முழுமையாகப் பயன்படுத்துவதும்தான் சிறிய அணிகளின் வழி. இரண்டும் மைதானத்தில் உணர்ச்சிவசப்பட்டால் வருபவை அல்ல. நூறு தடவை ஒன்றாகப் பயிற்சி செய்தால் வருபவை.

ஈராக்கிடம் என்ன இருந்தது?

2007இல் ஈராக்குக்கு வாய்ப்பே இல்லை என்று சொன்னவர்கள் அந்த நாட்டின் நிலையைப் பார்த்தார்கள். அணியின் கடந்த காலத்தைப் பார்க்கவில்லை.

ஈராக் 2000ஆம் ஆண்டில் ஆசிய இளையோர் கிண்ணத்தை வென்ற நாடு. இறுதிப் போட்டியில் ஜப்பானைத் தோற்கடித்தது. நான்கு ஆண்டுகளின் பின்னர், அமெரிக்கப் படையெடுப்பு நடந்து ஒரு வருடம் கழிந்த நிலையில், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈராக் போர்த்துக்கலை 4-2 என்றும், கொஸ்டாரிக்காவை 2-0 என்றும் வென்றது. காலிறுதியில் அவுஸ்திரேலியாவை 1-0 என்று வெளியேற்றியது. அரையிறுதியில் பரகுவேயிடமும், வெண்கலப் பதக்கப் போட்டியில் இத்தாலியிடமும் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பியது. அந்த ஒலிம்பிக் அணியில் இருந்த நூர் சப்ரி, நஷாத் அக்ரம், ஹவார் முல்லா முஹம்மத், யூனிஸ் மஹ்மூத் ஆகியோர்தான் மூன்று ஆண்டுகளின் பின்னர் ஆசியக் கிண்ண அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள். இளைஞர்களாகச் சேர்ந்து விளையாடத் தொடங்கி, உடைந்துபோகாமல் ஒன்றாக முதிர்ந்த ஒரு தலைமுறை அது. யார் எப்போது எங்கே ஓடுவார் என்பது மற்றவருக்குப் பார்க்காமலே தெரியும்.

அந்தத் தலைமுறைக்கு முன்னர் இருந்தவர்கள் பட்டதையும் சொல்லவேண்டும். சதாம் ஹுசைனின் மகன் உதய், நாட்டின் ஒலிம்பிக் குழுவையும் உதைபந்தாட்டத்தையும் தன் கையில் வைத்திருந்தார். தோற்று வந்த வீரர்கள் சிறையில் அடைக்கப்பட்டதும் சித்திரவதை செய்யப்பட்டதும் 2003க்குப் பின்னர் வீரர்களாலேயே வெளியில் சொல்லப்பட்டன. பயம்தான் வெற்றியைத் தரும் என்றால், உதயின் காலத்து ஈராக்தான் உலகக் கிண்ணத்தையே வென்றிருக்கவேண்டும். அப்படி நடக்கவில்லை.

2007 ஆசியக் கிண்ணத்துக்கு முன்னர் ஜோர்வான் வியேரா என்ற பிரேசில் நாட்டவர் இரண்டு மாத ஒப்பந்தத்தில் பயிற்றுவிப்பாளராக வந்தார். 1986 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோ அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். அரபு நாடுகளின் உதைபந்தாட்டத்தோடு நீண்ட பழக்கம் உள்ளவர். அணி பயிற்சி செய்தது பக்தாத்தில் அல்ல, ஜோர்தானில்.

இனி முடிவுகளைப் பார்ப்போம். முதற் போட்டியில் போட்டியை நடத்திய நாடுகளில் ஒன்றான தாய்லாந்துடன் 1-1. இரண்டாவதில், முந்தைய ஆண்டு உலகக் கிண்ணத்தில் இரண்டாம் சுற்று வரை போன அவுஸ்திரேலியாவை 3-1 என்று வென்றது. ஓமானுடன் 0-0. காலிறுதியில் வியட்நாமை 2-0. அரையிறுதி, தென் கொரியாவுடன் 0-0, பெனால்டியில் வெற்றி. இறுதி, சவூதியை 1-0. ஆறு போட்டிகளில் ஈராக்கின் வலைக்குள் போனவை இரண்டே இரண்டு கோல்கள். மூன்று விலகல் போட்டிகளில், மேலதிக நேரத்தையும் சேர்த்து, ஒன்றுகூட இல்லை. கிரேக்கத்தின் வழியும் இதுதான், பின்னர் மொரோக்கோ வந்த வழியும் இதுதான்.

இறுதிப் போட்டியின் கோல் 72ஆவது நிமிடத்தில் வந்தது. ஹவார் கோர்னரில் இருந்து உயரமாக அனுப்பிய பந்தை சவூதி கோல் காப்பாளர் பிடிக்க வெளியே வந்து தவறவிட்டார். தூரத்துக் கம்பத்தருகே காத்திருந்த அணித்தலைவர் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி உள்ளே போட்டார். பந்தை அனுப்பியவர் குர்திஷ் இனத்தவர், முட்டியவர் சுன்னி, கோலைக் காத்தவர் ஷியா என்று மறுநாள் செய்திகள் எழுதின. அது உண்மை. வீதிக்கு வீதி அடையாள அட்டையைப் பார்த்துக் கொலை செய்துகொண்டிருந்த ஒரு காலத்தில் அது பெரிய விடயமும்கூட. ஆனால் அவர்கள் மூவரும் 2004இலேயே ஒரே அணியில் நின்றவர்கள். அந்த ஒற்றுமை ஜகார்த்தாவில் திடீரென்று முளைத்தது அல்ல.

அப்படியானால் துயரத்துக்கு இடமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. அந்த அணியின் உடல் சிகிச்சையாளர், போட்டித் தொடருக்குப் புறப்படுவதற்கு முன்னர் பக்தாத்தில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வீரர்களில் பலர் நெருங்கிய உறவினர்களை இழந்திருந்தார்கள். அரையிறுதிக்குப் பின்னர் வெடித்த குண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும், எங்கள் வெற்றி சனத்தைக் கொல்கிறது என்றால் இனி விளையாடத்தான் வேண்டுமா என்று அணிக்குள்ளேயே பேச்சு எழுந்தது. அப்போதுதான் தொலைக்காட்சியில் ஒரு தாய் தோன்றினார். அந்தக் கொண்டாட்டத்தில் தன் மகனைப் பறிகொடுத்தவர். கிண்ணம் வரும்வரை மகனைப் புதைக்கமாட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்ட பின்னர் பின்வாங்க முடியவில்லை என்று வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

அந்தத் தாயின் வார்த்தை ஒரு விடயத்தைத் தீர்மானித்தது. ஈராக் இறுதிப் போட்டியில் விளையாடுமா இல்லையா என்பதை. விளையாடினால் எப்படி வெல்வது என்பதை அது தீர்மானிக்கவில்லை. அதற்கு ஹவாரின் காலும், யூனிஸின் உயரமும், ஏழு ஆண்டுகளாக வளர்ந்துவந்த ஒரு தலைமுறையும் தேவைப்பட்டன. அதே தாய் வேறொரு அணிக்காக அழுதிருந்தால், அந்த அணி தோற்றிருக்கக்கூடும். அப்போது அந்தத் தாயின் கண்ணீர் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

கிண்ணம் வந்த பின்னர் நடந்ததும் இந்தக் கணக்கில் சேரும். கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் உயிருக்குப் பயந்து பக்தாத்துக்குத் திரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்து வியேரா போய்விட்டார். அடுத்த வருடமே 2010 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இருந்து ஈராக் வெளியேறியது. 2009 நவம்பரில், சம்மேளனத்துக்குள் அரசாங்கம் தலையிட்டதற்காக பிஃபா ஈராக்கை இடைநிறுத்தியது. பிஃபாவின் தடை நீங்கி, பஸ்ரா, கர்பலா, ஏர்பில் ஆகிய நகரங்களில் அதிகாரபூர்வப் போட்டிகளை நடத்த அனுமதி கிடைத்தது 2018இல்தான். 2007க்குப் பின்னரும் துயரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் அடுத்த கிண்ணம் வரவில்லை. துயரம் வெற்றியைத் தருவதாக இருந்தால், ஈராக் ஆசியாவை இன்னும் பல தடவைகள் வென்றிருக்கவேண்டும்.

வாய்ப்பே பறிக்கப்படும்போது: பலஸ்தீனம்

ஈராக் கிண்ணத்தை வென்று மூன்று மாதங்கள் கழிந்து, 2007 ஒக்டோபரில், பலஸ்தீன அணிக்கு ஒரு விலகல் போட்டி இருந்தது. 2010 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருடன் இரண்டு ஆட்டங்கள். முதலாவது கட்டாரில் நடந்தது. ஏனென்றால் பலஸ்தீனத்தால் சொந்த மண்ணில் விளையாட முடியாது. அதில் 4-0 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு சிங்கப்பூர் போகவேண்டும். காஸாவில் இருந்த வீரர்களுக்கு வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டமே நடக்கவில்லை. பிஃபா சிங்கப்பூருக்கு 3-0 என்று வெற்றியைக் கொடுத்தது. பதிவேட்டில் அது ஒரு தோல்வியாகவே இருக்கிறது.

பாஸ் எடுப்பதற்காக வரிசையில் நின்ற, பாஸ் கிடைக்காததால் பரீட்சைக்கும் வைத்தியத்துக்கும் போகமுடியாமல் இருந்த எங்கள் சனத்துக்கு இந்தத் தோல்வியை விளக்கத் தேவையில்லை. ஒரு அணியின் வாய்ப்பை விசில் ஊதிய பின்னர் கணக்கிடத் தொடங்குவது இதனால்தான் பிழையாகிறது. காஸாவில் இருப்பவரும் மேற்குக் கரையில் இருப்பவரும் ஒரே மைதானத்தில் ஒன்றாகப் பயிற்சி செய்ய முடியாவிட்டால், ஒரு கோர்னர் உதையை நூறு தடவை எப்படிச் சேர்ந்து பழகுவது?

அப்படியிருந்தும் அந்த அணி மேலே வந்தது. 2014இல் ஆசிய சலஞ்ச் கிண்ணத்தை வென்று, 2015இல் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்குப் போனது. மூன்று போட்டிகளிலும் தோல்வி. 2019இல் சிரியாவுடனும் ஜோர்தானுடனும் கோல் இல்லாமல் சமநிலை. 2024 ஜனவரியில், காஸாவின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த மாதத்தில், மூன்றாவது தடவையாக ஆசியக் கிண்ணத்தில் நின்றது. உள்நாட்டு லீக் போட்டிகள் நின்றுபோயிருந்தன. துனீசியாவைச் சேர்ந்த மக்ரம் தபூப் பயிற்றுவித்த அந்த அணி ஈரானிடம் 4-1 என்று தோற்றது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1-1 என்று நின்றது. ஹொங்கொங்கை 3-0 என்று வென்றது. அது ஆசியக் கிண்ணத்தில் பலஸ்தீனத்தின் முதல் வெற்றி. அதோடு விலகல் சுற்றுக்கும் முதல் தடவையாக நுழைந்தது.

ஜனவரி 29ஆம் திகதி எதிரணி, போட்டியை நடத்திய நாடும் நடப்புச் சம்பியனுமான கட்டார். 37ஆவது நிமிடத்தில் உதய் தப்பாக் கோல் அடித்து பலஸ்தீனத்தை முன்னிலைப்படுத்தினார். முதற் பாதியின் உபரி நேரத்தில் ஹஸன் அல் ஹைதோஸ் சமப்படுத்தினார். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் பெனால்டி ஒன்றை அக்ரம் அபீப் கோலாக்கினார். 2-1 என்று கட்டார் வென்றது. அந்தத் தொடரின் கிண்ணத்தையும் கட்டாரே வென்றது. முதற் பாதி முடிய இருந்த ஒரு சில நிமிடங்களைத் தாக்குப்பிடித்திருந்தால் பலஸ்தீனம் 1-0 என்று ஓய்வறைக்குப் போயிருக்கும். அதற்குப் பின் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாதி முடியும் தறுவாயில் கவனம் சிதறாமல் நிற்பது, ஒவ்வொரு வாரமும் பலமான போட்டிகளில் விளையாடும் அணிக்கே பழக்கத்தில் வருவது. லீக் நின்றுபோன நாட்டில் அந்தப் பழக்கத்துக்கு எங்கே போவது?

அதே நாள் இன்னொரு மைதானத்தில் ஈராக் ஜோர்தானுடன் விளையாடியது. 76ஆவது நிமிடத்தில் ஐமன் ஹுசைன் அடித்த கோலால் ஈராக் 2-1 என்று முன்னிலை பெற்றது. அந்தக் கோலைக் கொண்டாடிய விதத்துக்காக அவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டப்பட்டு, ஈராக் பத்து வீரர்களோடு நின்றது. உபரி நேரத்தில் ஜோர்தான் இரண்டு கோல்களை அடித்து 3-2 என்று வென்றது. இந்தத் தடவை ஈராக்தான் பெரிய அணி. வெளியே போனதும் அதுதான். விலகல் போட்டி எந்தப் பக்கமும் வெட்டும்.

2025 ஜூன் 10ஆம் திகதி, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பலஸ்தீனத்துக்கு இன்னொரு வாழ்வா சாவா ஆட்டம். பெயரளவில் அது குழுநிலைப் போட்டி. ஆனால் ஓமானை வென்றால் மட்டுமே அடுத்த சுற்று. ஜோர்தானின் அம்மான் நகரில், தங்கள் 'சொந்த' மைதானம் என்று பதிவுசெய்யப்பட்ட வேற்று நாட்டு மைதானத்தில், பலஸ்தீனம் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. உபரி நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் ஓமானுக்கு பெனால்டி கோல் கிடைத்தது. 1-1. எல்லாம் முடிந்தது.

இந்த இரண்டு ஆட்டங்களிலும் பலஸ்தீன வீரர்களிடம் குறைவாக இருந்தது துயரமோ மனவுறுதியோ அல்ல.

அடுத்த தடவை எதைப் பார்ப்பது?

ஒரு சிறிய அணிக்கு விலகல் போட்டியில் உண்மையாகவே வாய்ப்பு இருக்கிறதா என்று அறிய விரும்பினால், போட்டிக்கு முன்னர் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, இந்த வீரர்கள் எவ்வளவு காலமாக ஒன்றாக விளையாடுகிறார்கள்? இளையோர் அணியில் இருந்தே சேர்ந்து வந்தவர்களா, கடந்த மாதம் சேர்க்கப்பட்டவர்களா? ஈராக்கின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, கடந்த பத்துப் போட்டிகளில் எத்தனை கோல்களை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்? எத்தனை அடித்தார்கள் என்பதைவிட இது முக்கியம். பலமான அணிகளிடம் 1-0 என்று தோற்றுவரும் அணி ஆபத்தான அணி. 4-3 என்று தோற்றுவரும் அணி பார்ப்பதற்கு நல்ல அணி, அவ்வளவுதான்.

மூன்றாவது, கோர்னரையும் பிரீ கிக்கையும் அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? பந்தைத் துல்லியமாக அனுப்ப ஒருவரும், உயரத்தில் முட்ட ஒருவரும் இருந்தால் ஒரு கோலுக்கு வழி இருக்கிறது.

நான்காவது, கோல் காப்பாளர் யார்? 120 நிமிடங்களுக்குப் பின்னர் அணியின் பாதி வாய்ப்பு அவரின் கையில்தான். 2007இல் அந்தக் கை நூர் சப்ரியினுடையது.

ஐந்தாவது, அவர்கள் எங்கே பயிற்சி செய்கிறார்கள், எங்கே விளையாடுகிறார்கள், அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறார்கள்? சோதனைச் சாவடி, விசா, மூடிய எல்லை, நின்றுபோன லீக் ஆகிய எல்லாமே கோல் கணக்கில் வந்து சேரும். பார்வையாளருக்கு அவை தெரியாமல் இருப்பதால் அவை இல்லை என்று ஆகிவிடாது.

இந்த ஐந்தில் மூன்றுக்காவது நல்ல பதில் இருந்தால், அந்த அணியை இலேசாக எடுக்கவேண்டாம். ஒன்றுக்கும் பதில் இல்லாமல் மக்களின் கண்ணீர் மட்டும் இருந்தால், அந்த அணிக்காக நாங்கள் கையெடுத்து வேண்டலாம். வெல்லும் என்று சொல்ல முடியாது.

எங்கள் மைதானங்களுக்கு

வடக்கில் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் பல யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாக நடப்பவை. பெரும்பாலும் விலகல் முறையில்தான். மேசையில் மாலையிட்ட படம், பக்கத்தில் கிண்ணம், ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர். மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் அணி, பெயர்பெற்ற கழகம் ஒன்றைத் தோற்கடித்தால், "எல்லாத்தையும் இழந்தும் எழுந்து நிற்கிற பிள்ளையள்" என்று அறிவிப்பாளர் சொல்வார். கூட்டம் கைதட்டும். நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அடுத்த வருடம் அதே பிள்ளைகள் எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. ஒருவர் வெளிநாடு போயிருப்பார். ஒருவர் கூலி வேலைக்குப் போவார். ஒருவருக்குச் சப்பாத்து இல்லை. அணி கலைந்திருக்கும். விலகல் போட்டியில் ஒரு நாள் வென்றவர்களை, ஏழு வருடம் ஒன்றாக வைத்திருக்க எங்களிடம் ஒழுங்கான லீக் இல்லை, சம்பளம் பெறும் பயிற்றுவிப்பாளர்கள் இல்லை, மின்விளக்குள்ள மைதானங்கள் போதாது. தேசிய மட்டத்திலும் நிலைமை பெருமைப்படக்கூடியதாக இல்லை. ஈராக்கைப் போலவே இலங்கையின் சம்மேளனத்தையும் 2023 ஜனவரியில் பிஃபா இடைநிறுத்தியது. தடை நீங்க அந்த வருடத்தின் ஓகஸ்ட் வரை காத்திருக்கவேண்டி வந்தது.

இறந்தவர்களின் பெயரில் கிண்ணம் வைப்பது நல்ல விடயம். அவர்களை மறக்கமாட்டோம் என்று சொல்வதற்கு எங்களிடம் இருக்கும் சில வழிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கிண்ணத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை, தோற்றுப்போன அணியின் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுக்கும் ஒருவருக்குக் கொடுக்க முடியுமா என்று ஏற்பாட்டாளர்களும் புலம்பெயர் நண்பர்களும் யோசிக்கவேண்டும். வருடத்தில் ஒரு நாள் நடக்கும் விலகல் போட்டியை, ஆறு மாதம் நீளும் ஒரு சிறிய லீக்காக மாற்ற முடியுமா என்று பிரதேச கழகங்கள் பேசவேண்டும்.

ஜகார்த்தாவில் யூனிஸ் மஹ்மூத் முட்டிய அந்தப் பந்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் துயரம் நின்றது. ஆனால் பந்து அவரின் தலைக்கு வந்து சேர்ந்தது, அதே பந்தை அதே கோர்னரில் இருந்து ஹவார் அவருக்குப் பல வருடங்களாக அனுப்பிக்கொண்டிருந்ததால். துயரம் எங்களிடமும் வேண்டிய அளவு இருக்கிறது. பந்தை அனுப்பப் பழக்குபவர்தான் இல்லை.